பொன்னுத்தாயி வண்டிக்குப் பூசணி மாத்துனது

பஸ் ஸ்டாண்டுக்குள்ள காட்டுமாடு ஒண்ணு நொழஞ்சு, டிக்கெட் எடுக்க வந்த மாதிரி கவுண்டர் முன்னாடி போய் நின்னுச்சே, ஊரே போன்ல படம் புடிச்சுச்சே, அந்த வாரந்தான். மலைக்கு வர்றவங்க இ-பாஸ் எடுத்துட்டுத்தான் வரணும்னு ஆக்குனாங்கள்ல, அதுக்கு அடுத்த மழைன்னு வச்சுக்கங்க. தேதி எனக்கு மனசுல நிக்காது. மாடு நின்னது நிக்கும்.

நான் வேலைய விட்டு வீட்டுல ஒக்காந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. போன வாரம் பெருமாள்மலையில இருந்து ரெண்டு மெக்கானிக்குக வந்தாங்க. இப்ப மலையில ரெண்டு பெடல் வண்டி பெருத்துப்போச்சுல்ல, கிளட்சே கெடையாது. "அண்ணே, டீசல் பிக்கப்புக்கு டார்க் கன்வர்ட்டர் மாத்துறதுல இங்க மொதல்ல கை வச்சது நீங்கதானாம்ல? எப்படின்னு சொல்லுங்க"ன்னாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு. காப்பி போட்டுக் குடுத்து, எண்ணெய் எவ்வளவு, போல்ட்டு எத்தனைன்னு எல்லாம் சொல்லி அனுப்பிட்டேன். ஒண்ண மட்டும் சொல்லல. அதத்தான் இப்பச் சொல்றேன்.

நான் ரெண்டாப்பு தாண்டல. வில்பட்டியில உருளைக்கெழங்கு லாரிக்கு அடியில மண்ணெண்ணெய்த் தகரத்தோட படுத்தவன், எந்திரிச்சுப் பாத்தா நாப்பது வருசம் ஓடிப்போச்சு. ஸ்பேனர் நம்பரெல்லாம் தெரியும். படிச்சுத் தெரிஞ்சதில்ல, மொகத்தப் பாத்துத் தெரிஞ்சது. பதினேழுன்னா அது ஒரு மூஞ்சி, பத்தொம்பதுன்னா இன்னொரு மூஞ்சி. அளவுன்னா தீக்குச்சி கனம், ஆக்சா பிளேடு கனம், சுண்டுவெரல் நகம், அவ்வளவுதான். அந்தக் கணக்குலயே எத்தனையோ இஞ்சின எறக்கி ஏத்தியிருக்கேன், ஒண்ணும் மோசமில்ல. ஸ்கேல்ல பொடிப்பொடியா கோடு கெடக்கும் பாருங்க, அது மட்டும் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரித்தான். யாராச்சும் படிக்கச் சொன்னா "கண்ணாடி கொண்டாரல, நீ பாத்துச் சொல்லுப்பா"ன்னு பக்கத்துல இருக்கவன்கிட்ட நீட்டிருவேன். அப்படியே காலம் போச்சு. வீட்டுக்காரிக்கே தெரியாது.

கடைசி ஒம்பது வருசம் நான் இருந்த பட்டறையில மேனேஜர் ஸ்டெல்லா மேடம். என் மக வயசு. டிப்ளமா படிச்சவங்க. சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்ல. பச்ச அட்டை போட்ட நோட்டு ஒண்ணு கக்கத்துலயே இருக்கும், நாம பிரிக்கிறது பூட்டுறது எல்லாம் அதுல ஏறும். "டைட் பண்ணிட்டேன் மேடம், சரியா இருக்கு"ன்னு நான் சொன்னா நிமிந்து பாப்பாங்க. "சரியா இருக்குங்கிறது நம்பர் இல்லண்ணே. எத்தனை?" அவ்வளவுதான் பேச்சு. நம்பரச் சொல்ற வரைக்கும் பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நிப்பாங்க. மொதல்ல எனக்குக் கடுப்பாத்தான் இருந்துச்சு. இது என்ன பரிச்ச வைக்கிற மாதிரின்னு மத்தவங்ககிட்டப் பொலம்பியிருக்கேன். ஆனா அந்தம்மா வந்தப்பறம் போன வண்டி திரும்பி வந்ததில்லங்கிறதும் நெசம்.

பொன்னுத்தாயி வில்பட்டிக்காரி. கேரட்டு, பீன்சு, வெள்ளப்பூண்டு போடுற சம்சாரி. சின்ன வயசுலயே எடது கால்ல பலமில்ல, இரும்புச் சட்டம் போட்டுத்தான் நடக்கும். புருசன் போனப்பறம் சரக்க ஒட்டன்சத்திரம் மண்டிக்குக் கொண்டுபோக டிரைவருங்ககிட்டக் கெஞ்சிக் கெஞ்சி வெறுத்துப்போய், தானே ஓட்டுறதுன்னு ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒண்ணப் புதுசா எடுத்துருச்சு. "எனக்கு ஓடுறது ஒரு காலு, அதுக்கு வேண்டியது ரெண்டு பெடலு. பொருத்தம் பாத்துத்தாண்ணே எடுத்தேன்"னு சிரிக்கும்.

வண்டி வந்து நாலு மாசத்துலயே தொந்தரவு. எறங்கும்போது ஒண்ணுமில்ல. ஏறும்போது உர மூட்டையும் காலிக் கிரேட்டும் ஏத்திக்கிட்டு பழனிப் பாதையில மெதுவா வளைவு வளைவா ஏறுதா, கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிச்சு வெளக்கு எரிஞ்சுரும். அப்பறம் வண்டி நகராது, ஆறுற வரைக்கும் ஓரமா ஒக்காந்துருக்கணும். அது கன்வர்ட்டரோட வேல. கிளட்சு இருக்குற எடத்துல அது இருக்கும், பூசணிக்கா கணக்கா உருண்டையா. நாங்க பூசணின்னேதான் சொல்லுவோம். உள்ள எண்ணெய்தான். இஞ்சின் பக்கத்து எறக்கை எண்ணெய வீசி அடிக்க, அந்த வேகத்துல கியர்பாக்ஸ் பக்கத்து எறக்கை சுத்தும். மெதுவா ஏறுனா வீசுறதுல பாதி வீணாப்போய்ச் சூடாயிரும். கோயம்புத்தூர்ல இருந்து கெட்டியான பூசணி ஒண்ணு வரவழைக்கலாம், அதிகம் வழுக்காது, உள்ள பூட்டுற தட்டும் பெருசுன்னு ஸ்டெல்லா மேடம் விசாரிச்சுச் சொன்னாங்க. புது வண்டியில கை வச்சா கம்பெனி கேரண்டி போயிரும்னும் சொன்னாங்க. "கேரண்டி வந்து என் கேரட்டச் சொமக்குமா மேடம்? மாத்துங்க"ன்னுருச்சு பொன்னுத்தாயி.

ரெண்டு நாள் வேல. கியர்பாக்ஸ எறக்கிப் பழைய பூசணிய உருவுறதுக்கு முன்னாடி மேடமே வந்து அளவெடுத்தாங்க. கியர்பாக்ஸ் வாய்க்குக் குறுக்க ஒரு இரும்புப் பட்டைய வச்சு, அதுல இருந்து பூசணி மேல போல்ட்டு ஏறுற மேடு எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு ஸ்கேல விட்டுப் பாக்கணும். "இருபத்தி நாலு"ன்னு வாய் விட்டுச் சொல்லி நோட்டுல எழுதுனாங்க. புதுப் பூசணியோட பெட்டியில கனத்த வாஷர் ஆறு இருந்துச்சு. ஒரு சீட்டும் இருந்துச்சு. மேடம் படிச்சுச் சொன்னாங்க: புதுச உள்ள ஒக்கார வச்சுட்டு மறுபடி ஆழம் பாருங்க. பழைய அளவே வந்தா வாஷர் வேணாம். கூட வந்தா இந்த ஆறையும் பூசணிக்கும் இஞ்சின் தட்டுக்கும் நடுவுல குடுக்கணும்.

மறுநாள் வெள்ளனே புதுசுக்குள்ள ஒரு லிட்டர் எண்ணெய ஊத்தி, ஊற விட்டு, கழுத்துலயும் எண்ணெயத் தடவி ஏத்துனேன். தள்ளக்கூடாது. ரெண்டு கையாலயும் தாங்கிச் சுத்திச் சுத்திக் குடுக்கணும், அதுவா எறங்கும். டொக்குன்னு ஒண்ணு, டொக்குன்னு ரெண்டு. மூணாவதுதான் முக்கியம். பூசணிக் கழுத்துல இருக்குற ரெண்டு காது, எண்ணெய்ப் பம்ப்போட பள்ளத்துல போய் விழுற சத்தம் அது. அதுவும் விழுந்துச்சு. அதுல தப்பே இல்ல, இன்னைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

அப்பறம் ஆழம் பாக்கணும். கூட வேல பாக்குற ரெண்டு பேரும் பூம்பாறைப் பக்கம் நின்னுபோன வேன் ஒண்ணப் பாக்கப் போயிருந்தாங்க. மேடம் அந்தப் பக்கம் இன்னொரு பார்ட்டியோட பேசிக்கிட்டே நோட்ட எடுத்தாங்க.

"எத்தனைண்ணே?"

பட்டைய வச்சேன். ஸ்கேல விட்டேன். எறும்பு. கண்ணாடி இல்லைன்னும் சொல்ல முடியாது, சட்டைப்பையிலயே இருக்கு, நேத்துத்தான் "புதுக் கண்ணாடியா, நல்லாருக்கு"ன்னு அந்தம்மாவே சொன்னாங்க. மூணு டொக்கும் விழுந்துருச்சு, பூசணி உள்ளதான ஒக்காந்துருக்கு, வேற என்ன வந்துரப்போகுது?

"இருபத்தி நாலு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஆமா."

எழுதிக்கிட்டாங்க. வாஷர் வேணாம்னு ஆச்சு.

கியர்பாக்ஸ ஜாக்கில ஏத்தி இஞ்சினோட சேத்தேன். ஸ்டார்ட்டர் ஓட்டை வழியா கைய விட்டு இஞ்சினக் கொஞ்சங்கொஞ்சமாத் திருப்பி, பூசணிக்கு ஆறு போல்ட்டு. மொத போல்ட்ட முடுக்கும்போதே பூசணி முன்னாடி நகந்து வந்துச்சு. கொஞ்சம் வரத்தான் செய்யும். இது அதுக்கும் மேல வந்துச்சு, அரை வெரல் கனம் வரும். கைக்குத் தெரிஞ்சுச்சு. வாய் பேசல. பெறகு ஏரியச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தோம். வெண்ணெயா ஓடுச்சு. அடுத்த நாள் காலையில பொன்னுத்தாயி வந்து, எனக்கு ஒரு பை கேரட்டக் குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போச்சு. மத்தியானம் லோடு ஏத்திட்டு எறங்குறதாச் சொல்லுச்சு.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு மேடம் பழைய பூசணியப் பெட்டியில போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்தம்மாவுக்கு எதையும் சும்மா கட்டத் தெரியாது. கட்டுறதுக்கு முன்னாடி அதோட ஒசரத்த அளந்து நோட்டுல எழுதுனாங்க. அப்பறம் சீட்ட எடுத்துப் பாத்தாங்க. திரும்பப் பாத்தாங்க.

"செல்லையாண்ணே, புதுசு பழசவிட நாலு மில்லி குட்டைன்னு போட்டுருக்கு. அப்பன்னா உள்ள நாலு மில்லி கூடப் போயிருக்கணும். ரெண்டுக்கும் எப்படி ஒரே இருபத்தி நாலு வரும்?"

நான் கையில இருந்த ஸ்பேனரத் தொடைக்க ஆரம்பிச்சேன்.

"நீங்க ஸ்கேலப் படிச்சுத்தான சொன்னீங்க?"

"ஆமா."

ரெண்டாவது தடவ சொன்ன ஆமா. மொத ஆமா அவசரத்துல வந்ததுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இது அப்படி இல்ல. நின்னு, யோசிச்சு, மொகத்தப் பாத்துச் சொன்னது.

அந்தம்மா மறுபடி சீட்டுக்குள்ள குனிஞ்சுக்கிட்டாங்க. நான் கை கழுவப் போற மாதிரி ரோட்டோரக் கொழாய்க்கு வந்துட்டேன். சோப்புத்தூளப் போட்டுத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன். மனசுக்குள்ள அந்தப் பூசணி நகந்து நகந்து முன்னாடி வருது. வர வேண்டியதுக்கு மேல நாலு மில்லி முன்னாடி வந்துருச்சுன்னா அந்த ரெண்டு காதும் பம்ப்புப் பள்ளத்துல இருந்து அவ்வளவு தூரம் வெளிய வந்துருக்கும். நுனிதான் புடிச்சுக்கிட்டு இருக்கும். நுனி பேந்தா பம்ப்பு நிக்கும். பம்ப்பு நின்னா கியர்பாக்ஸ்ல எண்ணெய் ஓட்டம் போயி, எந்தக் கியரும் புடிக்காது. ஏத்தத்துலன்னா வண்டி நிக்கும், போகட்டும். எறக்கத்துல, முழு லோடோட, இஞ்சின் புடி மொத்தமா விட்டுருச்சுன்னா? பிரேக்க நம்பி அத்தன வளைவும் எறங்குறதுக்குள்ள அது காஞ்சு நாறிரும். வேற கியரப் போட்டுப் புடிக்கலாம்னா புடிக்க ஒண்ணும் இருக்காது.

அப்பத்தான் ஹாரன் சத்தம். ரெண்டு தடவ. பொன்னுத்தாயி வண்டி. மேல வலை போட்டு இறுக்கிக் கட்டுன கேரட்டு மூட்டை. கண்ணாடிய எறக்கி, "வர்றேண்ணே!"ன்னு கைய ஆட்டிக்கிட்டே போகுது.

நான் நிப்பாட்டல. சோப்பு நுரை ஒழுகுற கையத் தூக்கி ஆட்டுனேன்.

வண்டி திரும்பி மறையுற வரைக்கும் அந்தக் கை மேலயே நின்னுச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல, நுரை காஞ்சு தோலு இழுத்துச்சு. அப்பறந்தான் காலு நகந்துச்சு. உள்ள போயி மேடம் மேசைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன்.

"எனக்கு அந்த ஸ்கேலு படிக்கத் தெரியாதும்மா. பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாங்கன்னு நெனச்சேன். போன எடுத்துக்கிட்டே சாவிய எடுத்தாங்க. "வண்டி எங்க இருக்கும்?"

"இப்பத்தான் நம்ம வாசல் வழியாப் போச்சு."

அதுக்கு ஒரு பார்வ பாத்தாங்க. அம்புட்டுத்தான்.

பொன்னுத்தாயிக்குப் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியன்னு ஒரு பொம்பளக் கொரலு சாவகாசமாச் சொல்லுது. பட்டறை ஜீப்ப மேடம் ஓட்ட, நான் பக்கத்துல. பெருமாள்மலை தாண்டி பழனி ரோட்டுல திரும்பியாச்சு. வடகவுஞ்சி வரைக்கும் பரவால்ல, ஏத்தமும் எறக்கமுமாப் போகும். அதுக்கு அப்பறந்தான் சவரிக்காட்டுப் பக்கம் மலை ஒரேயடியாச் சரியும். வடகவுஞ்சியில எனக்குத் தெரிஞ்ச டீக்கடை அந்தோணி. அவனுக்கு அடிச்சேன். எடுக்கல. மறுபடி அடிச்சேன். எடுக்கல. மழைத்தூத்த வேற. கொண்டையூசி வளைவு ஒவ்வொண்ணுலயும் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பாக்குறேன், ஒடஞ்ச கல்லு கெடக்கா, புதுசா டயர் இழுத்த தடம் கெடக்கான்னு. மேடம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"காது எவ்வளவு நீளம்ணே?"

"சுண்டுவெரல் நகம் இருக்கும்."

"வழக்கமா வர்றதோட இந்த நாலு மில்லியும் போனா?"

"தீக்குச்சி கனம் மிஞ்சும்மா."

மேடம் ஆக்சிலேட்டர அமுத்துனாங்க.

நாலாவது தடவ அந்தோணி எடுத்தான். "ஏலே, பால் கறக்கப் போனவன நிமிசத்துக்கு ஒரு தடவ கூப்புடுற, என்ன பொண்ணு பாக்க வர்றியா?"

"அந்தோணி, வெள்ளப் பிக்கப்பு, கேரட்டு லோடு, பொம்பள ஓட்டிக்கிட்டு வரும். போயிருச்சா?"

"தெரியலயே, நான் மாட்டுக் கொட்டத்துல நின்னேன்... ஏய், இரு, ஒண்ணு மேல இருந்து வருது."

"நிப்பாட்டு. என்ன செஞ்சாச்சும் நிப்பாட்டு!"

போன்ல வேற சத்தமில்ல. ஹாரன் மட்டும் கேக்குது, ஒரு தடவ, நாலு தடவ, விடாம. பெறகு லைன் போயிருச்சு. அங்க போய்ச் சேர்ற அந்த நேரம் இருக்கே, அத நான் சொல்ல முடியாது.

நாங்க போறப்ப அந்தோணி நடுரோட்டுல பால் கேனப் போட்டு அதுமேல ஒக்காந்துருக்கான். பொன்னுத்தாயி எறங்கி நின்னு, கேக்காத கேள்வியெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கு. டீ குடிக்க வந்தவங்க பத்துப் பன்னெண்டு பேரு வேடிக்க.

என்னையப் பாத்ததும் எங்கிட்டத் திரும்புச்சு. "அண்ணே, நல்லா ஓடுற வண்டிய எதுக்கு மறிக்கிறீங்க? இருட்டுறதுக்குள்ள மண்டிக்குப் போகலன்னா என் சரக்க யாரு கேப்பா? சோலியக் கெடுக்காதீங்க, தள்ளச் சொல்லுங்க இந்தாள."

மேடம் என்னையத்தான் பாத்தாங்க. நாந்தான் சொல்லணும்னு வெளங்குச்சு. அத்தன பேரு முன்னாடி சொன்னேன். அளவு எனக்குப் படிக்கத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன், வாஷர் போடாம விட்டுட்டேன், கீழ எறங்குனா புடி விட்டுரும். யாரோ பின்னாடி சிரிச்சாங்க. இன்னொருத்தர் "இந்தாளயா மலையிலயே பெரிய மெக்கானிக்குங்கிறீங்க?"ன்னாரு.

பொன்னுத்தாயி சட்டம் போட்ட கால மாத்தி வச்சு நின்னுச்சு. "எனக்குந்தான் படிக்கத் தெரியாது. மண்டியில அந்தச் சீட்டுல என்ன எழுதிருக்குன்னு பத்துப் பேர்கிட்டக் கேக்குறேன். வாய்விட்டுக் கேக்குறதுக்கு என்னண்ணே?" அவ்வளவு நேரம் கத்துன மனுசி, இத மெதுவாக் கேட்டுச்சு.

சாவிக்குக் கைய நீட்டுனேன். எடுத்துக் குடுத்துச்சு. சிரிச்ச ஆளுகளே மூட்டைகள எறக்கி, காலியா கீழ போன பழனி வேன் ஒண்ணுல ஏத்தி விட்டாங்க. பிக்கப்போட பின்சக்கரத்துக்குப் போற ராடக் கழட்டிட்டு ஒரு லாரியில கட்டி மேல இழுத்தோம்.

மறுநாள் பிரிக்கும்போது தானும் பாக்கணும்னு பொன்னுத்தாயி ஸ்டூலப் போட்டு ஒக்காந்துக்கிருச்சு. பூசணிய உருவிக் காதத் தொடச்சேன். முழுக் காதும் கருப்பா இருக்கு, நுனியில மட்டும் தீக்குச்சி கனத்துக்கு வெள்ளி மாதிரி மினுங்குது. அவ்வளவுதான் புடிச்சுக்கிட்டு இருந்துருக்கு. அதுலயும் ஒரு மூல பேந்து போயிருக்கு. ஏரியச் சுத்துனதும், வில்பட்டி போய் வந்ததும், வடகவுஞ்சி வரைக்கும் போனதும், எல்லாம் அதுலதான். பொன்னுத்தாயி எந்திரிச்சு வந்து அந்தப் பேந்த எடத்தக் கட்டவெரலால தடவிப் பாத்துச்சு. வெளிய போயி ரோட்டப் பாத்து நின்னுச்சு.

மேடம் நோட்டுல எழுதுனாங்க. எழுதி முடிச்சு, எனக்கு எழுத்தும் படிக்கத் தெரியாதுங்கிறதால படிச்சுக் காட்டுனாங்க. "ஆழம் தவறாகச் சொன்னது செல்லையா. சரிபார்க்காமல் எழுதியது ஸ்டெல்லா." ரெண்டு பேரயும் ஒரே மசியில எழுதிருந்தாங்க. அப்பறம் ஆறு வாஷரையும் எண்ணி எங் கையில வச்சாங்க. அந்த மாசம் முழுக்க டீ நேரத்துல ஸ்கேல வச்சுக்கிட்டு கோடு எண்ணிப் பழகுனேன். அந்த வயசுல. மத்தவங்க கிண்டல் பண்ணாங்க, பண்ணட்டும்னு விட்டேன். பொன்னுத்தாயி இன்னமும் அந்த வண்டியிலதான் எறங்குது. ஏறும்போது வெளக்கு எரியறதில்ல. எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல போனா ஹாரன் அடிக்கும். பழையபடி சிரிக்காது, ஆனா அடிக்கும்.

பெருமாள்மலையில இருந்து வந்த ரெண்டு பேருக்கும் நான் போல்ட்டு எத்தனைன்னு சொன்னேன், எண்ணெய் எவ்வளவுன்னு சொன்னேன். நீங்க அவங்களப் பாத்தா மீதியச் சொல்லுங்க. ரெண்டு பெடல் வண்டியில கை வைக்கிற யாரப் பாத்தாலும் சொல்லுங்க. ஆழம் எப்படிப் பாக்குறதுன்னு எந்தப் புள்ளையும் போன்ல பாத்துக் கத்துக்கும், அது வேணாம். பட்டறை வாசல்ல ஒரு மெக்கானிக்கு, தப்பு நடந்துருக்குன்னு தெரிஞ்சும், போற வண்டிக்குக் கையத் தூக்கி ஆட்டுனான்னு சொல்லுங்க. யாருன்னு கேட்டா, செல்லையான்னு பேரச் சொல்லியே சொல்லுங்க.